செங்கோட்டைக்கு அப்பால் நம் விமான நிலையம்

தென்காசி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் கடையநல்லூர், வடகரை, அச்சன்புதூர், புளியங்குடி என்று நம் மஹல்லாக்களில் ஒருமுறையாவது விமானம் ஏறிய ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்கு 'ஏர்போர்ட்' என்றால் அது திருவனந்தபுரம்தான்.

காரணம் எளிது. தூத்துக்குடி உள்நாட்டு விமானங்களுக்கானது. மதுரை சுமார் 160 கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து வெளிநாடு போகும் விமானங்களும் குறைவு. சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுக்கப் பயணம். திருவனந்தபுரமோ புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். சார்ஜா, துபாய், அபுதாபி, மஸ்கட், தோஹா என்று நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர்களுக்கெல்லாம் அங்கிருந்து விமானம் உண்டு.

அடுத்த மாநிலத்து விமான நிலையம் என்று சொல்கிறோம். ஆனால் 1932ல் கோதவர்மராஜாவின் முயற்சியில் பறக்கும் கழகமாக அது தொடங்கியபோதும், 1935ல் டாட்டா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து அங்கே வந்து இறங்கியபோதும் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதுதான் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. எனவே செங்கோட்டையின் அக்காலத்துப் பெரியவர்களுக்கு அது சொந்த ராஜ்யத்து விமான நிலையம். 1991ல் அது சர்வதேச விமான நிலையமாக ஆனது. 2021 அக்டோபர் முதல் அதானி குழுமம் நடத்துகிறது.

பயணச்சீட்டு எடுக்கும்போது நாம் விலையைத்தான் பார்க்கிறோம். தேதியையும் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழும் அதே ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுவது சாரல் அல்ல, பெருமழை. மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ மூன்று மணி நேரப் பாதை ஐந்து மணி நேரம் ஆகும். இன்னொன்று, பத்மநாப சுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம். ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், அந்த ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அந்த மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஊர்வலத்தின் பாதை ஓடுபாதைக்கு முந்தியது. விமான நிலையம் வந்த பிறகும் அந்த வழக்கத்தை யாரும் தடுக்கவில்லை. பீமாபள்ளியும் அதன் பக்கத்திலேயேதான் இருக்கிறது. முனையம் எது என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒன்று சங்குமுகம் பக்கம், மற்றொன்று ஓடுபாதைக்கு மறுபக்கம் சாக்கையில். தவறான வாசலில் வண்டியை விட்டு இறங்கினால் பெட்டிகளோடு சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது குடியேற்ற அதிகாரியின் மேசைக்கு முன்னால் நடப்பது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, அந்தப் பாஸ்போர்ட்டில் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் முன்கூட்டியே அரசின் அனுமதி பெற வேண்டும். உம்ராவுக்கோ உறவினரைப் பார்க்கவோ போவதற்கு அது தேவையில்லை. இந்த இடைவெளியில்தான் ஊர் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். கேள்வி கேட்டால் "மாமாவைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பொய் சொல்லி ரிஸ்க்கைத் தேடச் சொல்லும் இவர்களில் சிலர் முதல் ஸஃப்பில் நிற்பவர்கள் என்பதுதான் நமக்கு வேதனை.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பையன் அங்கேயே நிறுத்தப்படுவான். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் போகும். நிறுத்தப்படாமல் போய்விட்டால்? அதுதான் பெரிய ஆபத்து. கையில் முறையான ஒப்பந்தம் இருக்காது. சம்பளம் தராவிட்டால் காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. முறையாகப் போகிற இ.சி.ஆர். தொழிலாளிக்கு 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு. இவனுக்கு அதுவும் இருக்காது. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். ஜமாஅத் நிர்வாகிகள் இதை வாரம் ஒருநாள் உட்கார்ந்து செய்து கொடுத்தாலே பல குடும்பங்கள் தப்பிக்கும்.

அடுத்தது உம்மாமார்கள் கட்டிக்கொடுக்கும் பெட்டி. கசகசா நம் சமையலறையில் சாதாரணப் பொருள். அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப் பொருள் சட்டத்தில் வருகிறது, பிடிபட்டால் சிறை. குருமா மசாலாவில் சேர்த்து அரைத்திருந்தாலும் அனுப்பாதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி நிவாரணிகளில் சிலவும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் அங்கே அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. "இதைச் சார்ஜாவில் என் மச்சானிடம் கொடுத்துவிடு" என்று யாரோ தரும் பொட்டலத்தை அமானிதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். பிரித்துப் பார்த்தால் கோபித்துக்கொள்வார்களே என்று சங்கடப்படுகிறோம். உங்கள் பெயர் எழுதிய பெட்டியில் இருப்பது உங்களுடையதுதான் என்றே எந்த நாட்டு அதிகாரியும் எடுத்துக்கொள்வார். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள்.

தொழுகை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கஸ்ருக்குரிய தூரத்தை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் சுமார் 78 முதல் 82 கிலோமீட்டர் வரை கணக்கிடுகிறார்கள். 110 கிலோமீட்டர் தாண்டிப் போகிறவர் ஊர் எல்லையைக் கடந்ததுமே முஸாஃபிர். வழியனுப்ப வேனில் கூடவே வரும் உறவினர்களும் முஸாஃபிர்கள்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு, ஹனஃபியில் பயணத்துக்காக மட்டும் கிடையாது.

உம்ராவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடாவில் விமானம் மாறி ஜித்தா சேர்கிறார்கள். அந்தத் திசையிலிருந்து போகும்போது கர்னுல் மனாஸில் மீகாத்தை வானத்திலேயே கடக்க நேரிடும். அதற்கு முன் இஹ்ராமின் நிய்யத் வைத்துவிட வேண்டும். ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்புப்படி, மீகாத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், இல்லையேல் தம் கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் பெரிய பெட்டியை ஒப்படைத்தால் அது பெரும்பாலும் ஜித்தாவில்தான் கைக்கு வரும். ஆகவே இஹ்ராம் துணி இரண்டையும் வீட்டில் பெட்டி கட்டும்போதே கைப்பையில் தனியாக எடுத்து வையுங்கள்.