முகமூடியை இறுக்குவது தீர்வாகாது

உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படுவோருக்கு, சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது சிபேப் கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் இம்முறையை உலகுக்கு அறிவித்தார். கருவி பயன் தந்தபோதும், மூக்குத்தண்டில் தழும்பும் கன்னத்தில் அரிப்பும் கண்டு அதனை ஒதுக்கிவிடுவோர் உண்டு.

காற்று கசிந்தால் நாம் உடனே பட்டையை இறுக்குகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. முகமூடியின் மென்மையான விளிம்பு, காற்றால் உப்பித் தோலோடு படியும்படி அமைக்கப்பட்டது. மிகையாக இறுக்கினால் அது மடங்கி மேலும் கசியும், தோலும் புண்ணாகும்.

ஆகவே, படுத்த நிலையில் கருவியை இயக்கியபடியே பட்டைகளைச் சரிசெய்வோம். உறங்குமுன் முகத்தைக் கழுவி எண்ணெய்ப் பசையை நீக்குவோம். விளிம்பை நாள்தோறும் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, நிழலில் உலர்த்துவோம். பெட்ரோலியம் கலந்த களிம்புகள் சிலிக்கோனைக் கெடுக்கும்; அவற்றைத் தவிர்ப்போம்.

அதன் பின்னும் கசிந்தால் விளிம்பு தேய்ந்திருக்கலாம்; அளவோ வகையோ பொருந்தாதிருக்கலாம். மூக்கை மூடுவது, நாசித்துளைகளில் பொருந்துவது, வாயையும் சேர்த்து மூடுவது எனப் பல வகைகள் உள்ளன. புண் ஆறாவிடில் மருத்துவரை நாடுவோம். சிகிச்சையை நாமாக நிறுத்தினால் இரத்த அழுத்தம் உயரலாம். பகலில் வாகனம் ஓட்டுகையில் கண்ணயரும் அபாயமும் உண்டு.