சவிரிமுத்து: ஒரு பெயரின் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கத்தோலிக்க மக்களிடையே சவிரிமுத்து என்னும் பெயர் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. அதில் முத்து தமிழ்ச்சொல். சவிரி எங்கிருந்து வந்தது?

எசுப்பானிய நாட்டின் வடபகுதியாகிய நவாராவிலே ஹவியேர் என்றொரு கோட்டை உண்டு. பாஸ்க் மொழியில் ‘எச்செ’ என்றால் வீடு. ‘பெர்ரி’ என்றால் புதியது. ‘புதுவீடு’ எனப் பொருள்படும் அவ்விடப்பெயரே ஹவியேர் எனத் திரிந்தது. 1506இல் அக்கோட்டையிற் பிறந்த பிரான்சிஸ், தாய்வழி வந்த அப்பெயராலேயே அறியப்பட்டார். 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். போர்த்துக்கேயர் ‘ஷவியேர்’ என்றது தமிழர் நாவிற் சவேரியார் என்றும் சவிரி என்றும் ஆயிற்று. 1622இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஐரோப்பாவிலே குடும்பப்பெயராய் இருந்தது, இங்கே பிள்ளைக்கு இடும் பெயராயிற்று. யாழ்ப்பாணத்திலோ தந்தையின் பெயரையே மகன் தன் பெயருக்கு முன் வைப்பது வழக்கம். ஆகவே சவிரிமுத்துவின் பெயர் மகனோடு நிற்கும். பேரன் பெயரில் அது இராது.

1983க்குப் பின் போரினாற் புலம்பெயர்ந்து கனடா முதலிய நாடுகளிற் குடியேறிய பலரின் பத்திரங்களில், தந்தையின் பெயரே குடும்பப்பெயராகப் பதிவாயிற்று. அங்கே பேரப்பிள்ளைகளும் அதனைத் தாங்குகின்றனர். இவ்வாறு, ‘புதுவீடு’ என்ற பழம்பெயர், வீட்டை விட்டுச் சென்றோரின் வழித்தோன்றல்களிடம் மீண்டும் குடும்பப்பெயராகிவிட்டது. தம் பெயரின் பொருளை அப்பிள்ளைகள் அறிந்துகொள்வது நன்று.