நான்டக்கெட் மணல்மேடுகளும் மாலுமியின் கருவிகளும்

நிலத்தில் வழி தவறியவன் எதிர்ப்படுவோரை வினவித் தெளியலாம், மைல்கல்லை நோக்கலாம், ஒன்றும் இயலாவிடின் நின்ற இடத்திலேயே பொழுது புலரும்வரை காத்திருக்கலாம். கடலிற் செல்வோனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. நாற்புறமும் நீரே, அந்நீரின்மேல் எவ்வித அடையாளமும் நிலைப்பதில்லை, காற்றும் நீரோட்டமும் அவன் கலத்தை அவனறியாமலே இடம் பெயர்த்துக்கொண்டிருக்கும். ஆதலின், "யான் இப்பொழுது எங்கே இருக்கின்றேன்?" என்னும் எளிய வினாவே கடலோடிக்கு உயிர்வினாவாகும். இதற்கு விடை காண்பான் வேண்டி மக்கள் காந்தவூசி முதல் செயற்கைக்கோள் ஈறாகப் பற்பல கருவிகளை ஆக்கியுள்ளனர். அவற்றால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. எனினும், கருவி சிறக்கச் சிறக்கக் கடலில் ஆபத்து அடியோடு ஒழிந்துவிட்டதா? ஒரே கடற்பகுதியில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கருவிகளை நம்பிச் சென்ற மூன்று பெருங்கப்பல்களுக்கு நேர்ந்தவற்றை ஆராய்ந்து இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், கப்பலின் இடத்தை அறிதல் யாங்ஙனம் என்பதைச் சிறிது நோக்குவோம். நிலவுருண்டையின்மேல் ஓரிடத்தைக் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டும் வேண்டும். இவற்றுள் அட்சரேகையை அறிதல் எளிது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே துருவ நட்சத்திரம் தொடுவானத்திற்குமேல் எத்துணைப் பாகை உயர்ந்து தோன்றுகிறதோ, ஏறக்குறைய அத்துணைப் பாகையே அவ்விடத்தின் அட்சரேகையாம். தீர்க்கரேகை அத்துணை எளிதன்று. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றமையால், ஒரு மணிக்கு 15 பாகையாகின்றது. ஆகவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையும், கப்பல் இருக்குமிடத்தின் நேரத்தையும் ஒருங்கே அறிந்தால், அவற்றின் வேறுபாட்டினின்று தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். ஆனால், அலைகளில் ஆடும் கப்பலில் பிழையின்றி ஓடவல்ல கடிகாரம் நெடுங்காலம் இல்லை. நிலநடுக்கோட்டில் ஒரு நிமிடப் பிழை 15 கடல்மைல் பிழையாக முடியும்.

1707-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் நான்கு மோதி மூழ்கின. தளபதி சர் கிளௌட்ஸ்லி ஷவல் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் ஆங்கிலப் பாராளுமன்றம், தீர்க்கரேகையை நுட்பமாக அறியும் வழி காண்போருக்கு 20,000 பவுன் வரை பரிசளிப்பதாகச் சட்டமியற்றியது. தச்சுத்தொழிலிற் பயின்ற ஜான் ஹாரிசன் என்பார் தம் வாழ்நாள் முழுவதையும் இதற்கே செலவிட்டார். அவர் சமைத்த நான்காவது கடற்கடிகாரம் 1761-ஆம் ஆண்டு ஜமெய்க்காவிற்கு அனுப்பிச் சோதிக்கப்பட்டபொழுது, அப்பயணத்தில் அதன் பிழை ஏறக்குறைய 5 விநாடியே என்று கண்டனர். அதுமுதல் கடற்பயணம் புதியதொரு நிலையை எய்திற்று.

இனி, வானத்தை மேகம் மறைத்தவிடத்து மாலுமி என் செய்வான்? சென்ற திசையையும், வேகத்தையும், கழிந்த நேரத்தையும் கொண்டு தான் இருக்குமிடத்தை உத்தேசமாகக் கணக்கிடுவான். இவ்வுத்தேசக் கணக்கில் நீரோட்டமும் காற்றும் செய்யும் கேடு முழுவதும் அடங்காது. ஆதலின், கரையை நெருங்குங்கால் அவன் விழுது விட்டு ஆழம் பார்ப்பான். அப்போஸ்தலனாகிய பவுல் சென்ற கப்பலின் வரலாற்றை நாம் யாவரும் அறிவோம். பல நாள் சூரியனும் நட்சத்திரங்களும் தோன்றாத அப்பெரும்புயலில், நள்ளிரவில் கப்பலாட்கள் விழுது விட்டு முதலில் 20 பாகமும், சிறிது தூரம் சென்று 15 பாகமும் கண்டனர். கரை அண்மையிலுள்ளதென உணர்ந்து பின்னணியத்தினின்று நான்கு நங்கூரங்களை இறக்கினர். கப்பல் உடைந்ததாயினும் அதிலிருந்த 276 பேரும் பிழைத்தனர். அவர்கள் கையிலிருந்த கருவி ஒரு கயிறும் ஈயக்குண்டுமே. ஆனால், அதனைப் பயன்படுத்த அவர்கள் மறக்கவில்லை.

நிற்க. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணக் கரைக்கப்பால் நான்டக்கெட் என்னும் சிறு தீவு உளது. ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்குப் பேர்போன இடம் அது. அதன் கிழக்கிலும் தெற்கிலும் பல மைல் தூரம் நீருக்கடியில் மணல்மேடுகள் பரந்துள்ளன. தெற்கினின்று வரும் வெம்மையான ஈரக்காற்று அங்குள்ள குளிர்ந்த நீரின்மேற் படிவதால், வேனிற்காலத்தில் அடர்ந்த மூடுபனி அடிக்கடி உண்டாகும். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்கு நோக்கி வரும் கப்பல்கள் இப்பகுதியை அடுத்தே செல்லவேண்டும். கலங்கரை விளக்கம் கட்டுதற்கு அங்கே நிலமில்லாமையால், மேடுகளுக்கு அப்பால் ஒரு விளக்குக்கப்பலை நங்கூரமிட்டு நிறுத்துவது பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் 1983 வரை வழக்கமாயிருந்தது.

நம் முதல் நிகழ்ச்சி 1934-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி நடந்தது. அக்காலத்து விளக்குக்கப்பலில் விளக்கும் ஊதுகுழலுமேயன்றி, வானொலி அலைகளை இடைவிடாது எழுப்பும் கருவியும் அமைந்திருந்தது. வருகின்ற கப்பலில் உள்ள வளைய வடிவான ஏற்பியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, ஒரு நிலையில் ஒலி மிகக் குன்றும். அந்நிலையினின்று அலை வரும் திசையை அறியலாம். மூடுபனியிலும் பயன்படும் அரிய கருவி இது. டைட்டானிக் கப்பலின் உடன்பிறப்பாகிய ஒலிம்பிக் என்னும் பெருங்கப்பல், அன்று அடர்ந்த மூடுபனியில் இவ்வொலியைப் பின்பற்றியே விளக்குக்கப்பலை நோக்கி வந்தது. கருவி பொய் சொல்லவில்லை. விளக்குக்கப்பல் இன்ன திசையில் உளது என்று மெய்யையே சொல்லிற்று. எத்துணைத் தொலைவில் உளது என்பதை மட்டும் அத்திசையொலி சொல்லவில்லை. விளக்குக்கப்பல் கண்ணுக்குப் புலப்பட்டபொழுது அது நேரெதிரே நின்றது. பொறிகளைப் பின்னோக்கி இயக்கியும் பயனில்லை. 45,000 டன்னுக்கு மேற்பட்ட அப்பெருங்கலம் அச்சிறு கலத்தைப் பிளந்து மூழ்கடித்தது. அதிலிருந்த 11 பேரில் எழுவர் இறந்தனர். அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே வேறொரு பெருங்கப்பல் இதே விளக்குக்கப்பலை உராய்ந்து சென்றது ஓர் எச்சரிக்கையாயிருந்திருத்தல் வேண்டும். பிறரைக் காக்கும்பொருட்டு இரவும் பகலும் விழித்திருந்தோர், தாம் விடுத்த ஒலியாலேயே மாண்டது மிகவும் இரங்கத்தக்கது.

தொலைவையும் அறிவிக்கும் கருவி வேண்டுமென்னும் குறையை ரேடார் நீக்கிற்று. இரண்டாம் உலகப் பெரும்போரில் வளர்ச்சியுற்று, அதன்பின் வணிகக் கப்பல்களிலும் ஏறிய இக்கருவி, வானொலி அலைத் துடிப்புகளை விடுத்து, எதிர்ப்பொருளின்மேற் பட்டு அவை மீண்டுவரும் நேரத்தை அளக்கின்றது. அலை விநாடிக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் செல்லுமாதலால், விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் மீண்டுவரின் பொருள் 150 மீட்டர் தொலைவில் உளதென்பது துணிபு. இருளும் பனியும் இதற்குத் தடையல்ல. இனி மோதல் எங்ஙனம் நிகழும் என்று பலரும் எண்ணினர்.

1956-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி இரவு, இத்தாலி நாட்டு அன்டிரியா டோரியா என்னும் கப்பல் நியூயார்க்கை நோக்கியும், சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் என்னும் கப்பல் நியூயார்க்கிலிருந்தும் நான்டக்கெட்டுக்குத் தெற்கே ஒன்றையொன்று எதிர்கொண்டன. இரண்டிலும் ரேடார் உண்டு. பல மைல் தொலைவிலேயே இரண்டும் ஒன்றையொன்று ரேடாரிற் கண்டன. ஆயினும், ரேடார்த் திரையில் நம் கப்பல் நடுவில் அசையாதிருப்பது போலவும், மற்றது மட்டும் நகர்வது போலவும் தோன்றும். ஓடும் புகைவண்டியில் இருப்போனுக்கு மரங்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றுவதை ஒத்தது இது. எதிர்க்கப்பலின் மெய்யான போக்கை அறியவேண்டின், அடுத்தடுத்த நிலைகளைத் தாளிற் குறித்துக் கணக்கிடல் வேண்டும். இத்தாலியக் கப்பலில் அங்ஙனம் குறிக்கவில்லை. மூடுபனியிலும் அது மணிக்கு 21 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் சென்றது. அதன் தலைவர், எதிர்க்கப்பல் தமக்கு வலப்புறமாகக் கடக்கும் என்றெண்ணிச் சிறிது இடப்புறம் திரும்பினார். சுவீடன் கப்பலின் அதிகாரியோ, எதிரே வருவது தமக்கு இடப்புறமாகக் கடக்கும் என்றெண்ணி வலப்புறம் திரும்பினார். பனிக்கட்டியை உடைத்துச் செல்லுமாறு வலுப்படுத்தப்பட்ட ஸ்டாக்ஹோமின் முன்னணியம் மற்றதன் பக்கத்தைப் பிளந்தது. 51 பேர் உயிரிழந்தனர்.

இங்கே காப்புமுறைகளைக் குறித்தும் ஒன்று அறியத்தக்கது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபின், 1914-இல் கூடிய நாடுகள் கடலில் உயிர்காப்புக்குரிய உடன்படிக்கை செய்து, கப்பலிலுள்ளோர் எல்லாருக்கும் போதிய படகுகள் வேண்டுமென விதித்தன. அன்டிரியா டோரியாவில் அங்ஙனமே படகுகள் இருந்தன. ஆனால், கப்பல் ஒருபுறம் பெரிதும் சாய்ந்துவிட்டமையால், மறுபுறத்துப் படகுகளை இறக்க இயலவில்லை. ஏறக்குறையப் பாதிப் படகுகள் பயனற்றுப்போயின. நற்பேறாகக் கப்பல் மூழ்குதற்குப் பதினொரு மணி நேரம் ஆயிற்று. துயரச் செய்தி கேட்டு வழிமாறி வந்த பிரெஞ்சுக் கப்பலாகிய ஈல் தெ பிரான்சும் பிறவும் உதவியமையால் 1,600-க்கு மேற்பட்டோர் பிழைத்தனர். 1960-இல் திருத்திய கடல்விதிகளோடு, ரேடார்ச் செய்தியைப் பயன்படுத்தும் முறைபற்றிய அறிவுரைகளும் சேர்க்கப்பட்டன.

இவற்றைக் கேட்டுக் கருவிகளே வேண்டா என்று எவரும் முடிவு செய்தலாகாது. 1976-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்கோ மெர்ச்சன்ட் என்னும் எண்ணெய்க்கப்பல், பழுதுற்ற திசைகாட்டியுடனும், அக்காலத்து நல்ல கருவியாகிய லோரான் இல்லாமலும் இதே மேடுகளை அணுகி, தன் வழியினின்று பல மைல் விலகித் தரைதட்டி உடைந்தது. அதன் எண்ணெய் முழுவதும் கடலிற் கலந்தது. கருவியின்மை எத்துணைக் கேடு என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது நிகழ்ச்சி ஜி. பி. எஸ். என்னும் செயற்கைக்கோள் முறையைப் பற்றியது. பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் தத்தம் அணுக்கடிகார நேரத்தை வானொலியால் அறிவித்தவண்ணம் உள்ளன. நான்கு கோள்களின் செய்தி கிடைப்பின் கப்பல் தன்னிடத்தைச் சில மீட்டர் நுட்பமாக அறியலாம். ஹாரிசனின் கடிகாரத் தத்துவமே விண்ணில் ஏறிற்று எனலாம். ராயல் மெஜெஸ்டி என்னும் உல்லாசக் கப்பல் 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் தேதி நண்பகல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. புறப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள் அதன் ஜி. பி. எஸ். கருவியை வெளியிலுள்ள ஏற்பியோடு இணைக்கும் கம்பி கழன்றுவிட்டது. செய்தி வராதுபோகவே, கருவி தானாகவே பழைய உத்தேசக் கணக்கிற்கு மாறிற்று. எச்சரிக்கையொலி ஒருகணம் ஒலித்து ஓய்ந்தது. திரையில் இரண்டொரு சிற்றெழுத்துக்கள் மட்டும் இம்மாற்றத்தை அறிவித்தன. தானியங்கிச் சுக்கான் அக்கணக்கையே மெய்யென ஏற்றுக் கப்பலைச் செலுத்திற்று. காற்றும் நீரோட்டமும் கப்பலை மெல்ல மெல்ல மேற்கே தள்ளின. அதிகாரிகள் மணிக்கொருமுறை இடத்தைக் குறித்தனர். ஆனால், அதே கருவியை நோக்கியே குறித்தனர். அருகிலேயே சரியாக இயங்கிய லோரான் கருவியோடு ஒப்பிட்டாரில்லை. ரேடாரில் ஒரு மிதவை தோன்றவே, தாம் எதிர்பார்த்த மிதவை அதுவே எனக் கொண்டனர். உண்மையில் அது வேறொரு மிதவை. அடுத்த மிதவை கண்ணுக்குப் புலப்படாதபோதும் ஐயுறவில்லை. ஆழமறியும் கருவியின் எச்சரிக்கை அளவோ சுழியில் வைக்கப்பட்டிருந்தமையால் அதுவும் வாளாவிருந்தது. இங்ஙனம் 34 மணி நேரம் சென்று, மறுநாள் இரவு, குறித்த வழிக்கு 17 மைல் மேற்கே, நான்டக்கெட்டின் கிழக்கிலுள்ள மணல்மேட்டில் கப்பல் ஏறிற்று. கடல் அமைதியாயிருந்தமையால் கப்பலிலிருந்த 1,509 பேரும் தப்பினர்.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் ஒன்று தெளிவாகின்றது. ஒவ்வொரு புதிய கருவியும் பழைய குறையொன்றை மெய்யாகவே நீக்கிற்று. ஆனால், அக்குறை நீங்கியவுடன், தன்னிடமுள்ள மற்றச் சான்றுகளை வினவும் வழக்கத்தை மாலுமி நெகிழவிட்டான். ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பது பழைய நீதிநெறி. கடலிலும் அந்நெறியே உயிர்காக்கும். 1972-இல் இயற்றப்பெற்று 1977 முதல் வழங்கும் அனைத்து நாட்டுக் கடல்விதிகள், கண்ணாலும் செவியாலும் பிற எல்லா வழிகளாலும் காவல் நோக்கவேண்டுமென்றும், போதாத ரேடார்ச் செய்தியைக் கொண்டு ஊகம் செய்தலாகாதென்றும் பணிக்கின்றன.

இக்காலத்தில் கப்பல்கள் மின்திரை வரைபடங்களையும், ஒன்றுக்கொன்று தம் பெயரையும் போக்கையும் தாமே அறிவிக்கும் கருவிகளையும் கொண்டுள்ளன. ஆயினும், விண்ணிலிருந்து வரும் செய்தி மிக மெலிந்தது. அதனைத் தடுக்கவும், பொய்ச்செய்தியால் மயக்கவும் கூடும். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, முன்னர்க் கைவிட்ட விண்மீன்வழி கணிக்கும் பாடத்தை 2015-ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியதும் இதனாலேயே.

நம் நாட்டு இளைஞர் பலர் இன்று உலகின் வணிகக் கப்பல்களிற் பணிபுரிகின்றனர். இதனைப் படிக்கும் மாணவருள்ளும் சிலர் அப்பணியை விரும்பக்கூடும். அவர்கள் புதுக்கருவிகளை நன்கு கற்க வேண்டும். அதனோடு, நள்ளிரவுக் காவலில் திரை ஓரிடத்தைக் காட்டும்பொழுது, வெளியே சென்று கடலை நோக்கி, ஆழத்தை அளந்து, அவை இரண்டும் அதனை ஒப்புகின்றனவா என்று கேட்கும் பழக்கத்தையும் உடன் கற்பாராக.