ஆள்வாரியாக ஆண்டு மொத்தம் காணும் முறை

கிராமக் கணக்கில் பயிர் ஒன்றுக்கு ஒரு வரி வீதம் ஆண்டு முழுவதும் பல நூறு வரிகள் சேருகின்றன. அவற்றை ஆள்வாரியாகக் கூட்டி, இன்னாருக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு சாகுபடி என்று காட்டினாலன்றி அக்கணக்கு குடிகளுக்குப் பயன்படாது. முன்னர் பேரேட்டில் கையால் செய்யப்பட்ட இவ்வேலையை, இக்காலத்தில் எக்செல் முதலிய கணினிக் கருவிகளின் பிவட் அட்டவணை சில விநாடிகளில் முடிக்கின்றது. ஆயினும், எதனைக் கூட்டவேண்டும் என்பதைக் கருவி அறியாது. அதனை எழுதுவோரே தீர்மானித்தல் வேண்டும்.

1. ஆள் எண்

பெயரைக் கொண்டு கூட்டுதல் கூடாது. ஒரே பெயருடையார் பலர் இருப்பர். ஒருவர் பெயரே ஓரிடத்தில் தலைப்பெழுத்துடனும் வேறிடத்தில் அஃதின்றியும் எழுதப்பட்டிருக்கும். கருவி முன்னவர்களை ஒருவராகவும், பின்னவரை இருவராகவும் கொள்ளும். ஒருவருக்கே பல பட்டாக்கள் இருத்தலும் உண்டாதலால் பட்டா எண்ணும் போதாது. ஆகையால் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, எல்லா வரிகளிலும் அதனையே எழுதவேண்டும்.

2. பசலி ஆண்டு

கருவி ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டையே இயல்பாகக் கொள்ளும். நமது கணக்கோ ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலியைச் சார்ந்தது. ஆதலின் பசலிக்கென ஒரு பத்தி சேர்த்து, ஜூலை முதல் டிசம்பர் வரையுள்ள தேதிகளுக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரையுள்ளவற்றிற்கு 591ஐயும் கழித்து எழுதுக. இதன்படி 2023 ஜூலையும் 2024 ஜூனும் 1433ஆம் பசலியிலேயே அடங்கும். ஜூனில் விதைத்துச் செப்டம்பரில் அறுக்கும் குறுவைக்கு எந்தத் தேதியைக் கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்து, எல்லா வரிகளுக்கும் அதனையே பின்பற்றவேண்டும்.

3. அளவு

பட்டாவில் 0 – 40.50 என்று ஹெக்டேரும் ஏரும் பிரித்து எழுதப்பட்டிருப்பதை 0.405 ஹெக்டேர் என மாற்றிப் பதிக்கவேண்டும். இன்றேல் கருவி அதனை எழுத்தாகக் கொண்டு, பரப்பைக் கூட்டுவதை விடுத்து வரிகளை எண்ணிக் காட்டும். ஏக்கர் கணக்கில் உள்ளவற்றை 2.471ஆல் வகுத்துக்கொள்க.

4. இரட்டிப்புப் பிழை

யாவற்றினும் கேடு விளைப்பது இதுவே. ஒருவருக்கு 0.60, 0.35, 0.40 ஹெக்டேர் அளவுள்ள மூன்று புலங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதற் புலத்தில் குறுவையும் தாளடியும், இரண்டாவதில் சம்பாவும் உளுந்தும், மூன்றாவதில் நிலக்கடலை மட்டுமே பயிராயின. பயிர் வரிகளைக் கூட்டினால் 2.30 ஹெக்டேர் வரும். அது சாகுபடிப் பரப்பேயன்றி நிலப் பரப்பன்று. அவர் நிலம் 1.35 ஹெக்டேரே. 1 ஹெக்டேர் வரை உடையவர் குறு விவசாயி. அதற்கு மேல் 2 ஹெக்டேர் வரை உடையவர் சிறு விவசாயி. முதற் கூட்டலை நிலமெனக் கொண்டால் இவர் சிறு விவசாயி என்னும் வகுப்பினின்று நீக்கப்பட்டு, அவ்வகுப்பினர்க்குரிய மானியத்தை இழக்க நேரிடும். ஆகையால் நிலத்திற்கு உட்பிரிவு ஒன்றுக்கு ஒரே வரியுள்ள தனி அட்டவணையும், பயிருக்கு மற்றோர் அட்டவணையும் வைத்துக்கொள்ளுதல் அவசியம்.

கூட்டுப் பட்டாவிலும் இப்பிழை நேரும். மூவர்க்குச் சமபாகமுள்ள 0.90 ஹெக்டேரை ஒவ்வொருவர் பேரிலும் முழுமையாக எழுதினால் மொத்தம் 2.70 ஆகும். தலைக்கு 0.30 என்றே பதிதல் வேண்டும்.

5. சரிபார்த்தல்

பிவட் அட்டவணையின் வரிசையில் ஆள் எண்ணையும், பத்தியில் பசலியையும், மதிப்பில் பரப்பையும் அமைத்து, கூட்டுத்தொகை என்று தெரிந்துகொள்க. பின்னர் ஏதேனும் ஒரு வரியைத் திருத்தினால் அட்டவணையைப் புதுப்பித்தல் வேண்டும். சில கருவிகளில் அது தானே மாறாது. நில அட்டவணையில் எல்லா ஆட்களின் மொத்தமும், உட்பிரிவுகளின் மொத்தமும் ஒன்றாதல் வேண்டும். மிகுந்தால் இரட்டிப்பும், குறைந்தால் எண் விடுபட்ட வரியும் உள்ளன என்று அறிக.

நிலமுடையோரும் தம் பேரிலுள்ள மொத்தத்தை மட்டும் பாராது, அஃது எந்தெந்தப் புலங்களால் ஆயிற்று என்ற விவரத்தையும் கேட்டு, தம் பட்டாவுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். மானியப் பட்டியல் முடிவாகுமுன் இவ்வாறு செய்தால், பிழையைத் திருத்துதல் இரு திறத்தார்க்கும் எளிதாகும்.