ஒரு புள்ளி செய்த வேலை

கொழுக்கட்டை அச்சு உங்கள் வீட்டில் இருக்கிறதல்லவா? இரண்டு பாதிகளையும் சேர்த்து அமுக்கினால், உள்ளே இருக்கிற குழிவும் வளைவும் அப்படியே மாவில் வந்துவிடுகிறது. மோட்டார்க் காரின் கதவும் இப்படித்தான் பிறக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அங்கே மாவுக்குப் பதில், ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத எஃகுத் தகடு. அச்சோ பல டன் எடையுள்ள இரும்பு!

இந்தச் சமாசாரமெல்லாம் எனக்கு என் அண்ணன் பிள்ளை மூலம் தெரிந்தது. ஒரகடம் பக்கத்தில் ஒரு சிறு பட்டறையில் சி.என்.சி. யந்திரம் ஓட்டுகிறான். எங்கள் வீட்டில் தங்கி, விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்துப் போகிறவன்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் பாட்டிமாருக்கு ராமாநுஜர் அவதரித்த தலம். இன்று பையன்களுக்கு அது வேலை கிடைக்கும் இடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதல் கார் 1998-ல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாகக் கட்டிய ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. பெரிய ஆலைகளைச் சுற்றி, மரத்தடியில் கன்று முளைப்பது போலச் சிறு பட்டறைகள் முளைத்தன.

கோலமும் காரும்

"இரும்பில் வளைவு வெட்ட யந்திரத்துக்கு எப்படியடா தெரியும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாசலில் நீங்கள் போடுகிற சிக்குக் கோலம்தான், அத்தை! முதலில் புள்ளி, அப்புறம் வளைவு" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. பிரான்சில் ரெனோ கம்பெனியில் பியர் பெஸியே என்ற என்ஜினீயர் இருந்தார். 1960-களில் காரின் வளைவுகளைப் புள்ளிகளைக் கொண்டே வரையும் முறையை அவர் வகுத்தார். அதற்குச் சற்று முன்பே, 1959-ல், சித்ரோன் கம்பெனியில் பால் தெ காஸ்தல்ஜோ என்ற கணித வல்லுநரும் இதே வழியைக் கண்டிருந்தார். கோடு முதல் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் தொடும். நடுப் புள்ளிகளோ தொடாமலே கோட்டைத் தங்கள் பக்கம் இழுக்கும். ஒரு புள்ளியை நகர்த்தினால் வளைவே சாயல் மாறிவிடும்.

எண்களைக் கொண்டு யந்திரத்தை ஓட்டுவது அமெரிக்காவில் தொடங்கியது. ஹெலிகாப்டர் இறக்கைக்கு வளைவு வேண்டியிருந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனை அது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ல் அப்படி ஒரு யந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள்.

கணினி அந்த வளைவைப் பொடிப்பொடி நேர்க்கோடுகளாக நறுக்கித் தருகிறது. பூத்தையலில் இதழின் வளைவை நாம் சின்னச் சின்ன நேர்த் தையலாகப் போடுவதில்லையா, அதே மாதிரி! உருண்டை முனையுள்ள கத்தி வரிவரியாக இரும்பை வெட்டிச் செல்லும். வரிகளுக்கிடையே மெல்லிய வரப்பு நிற்கும். வரிகளை நெருக்கினால் வரப்பு குறையும். ஆனால் நேரம் கூடும். மிச்ச வரப்பை மனிதன்தான் கல்லால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

தகட்டுக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. அமுக்கிய கை எடுத்ததும் கொஞ்சம் பின்னுக்கு நிமிரும். அதை உத்தேசித்து அச்சை முன்கூட்டியே சற்று அதிகமாக வளைத்து வைக்கிறார்கள்.

அந்த இரவு

போன வருஷம் ஒரு நாள் காலை அவன் முகம் வெளிறிப்போய் வந்தான். காப்பியைத் தொடவில்லை. பயிற்சிக் காலம் முடிய ஒரு மாதமே பாக்கி.

இரண்டு நாளாக வெட்டிய அச்சு முடியும் தறுவாயில் இருந்ததாம். கடைசியில் ஒரு வரியை அவன் கையாலேயே தட்டினான்: கத்தி 100 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். நூறு போட்டவன் அதன் பின் தசமப் புள்ளி வைக்க மறந்தான். அந்த வகை யந்திரம், புள்ளி இல்லாத எண்ணை மைக்ரானாக எண்ணிக்கொள்ளும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். கத்தி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் நின்று, பக்கவாட்டில் பாய்ந்து, இறுக்கிப் பிடித்த கவ்வியில் மோதி ஒடிந்தது. ஒடிந்த துண்டு அந்த அழகான வளைவில் ஒரு கீறல் போட்டுவிட்டது.

"யாரும் பார்க்கவில்லை, அத்தை. கத்தி தானாக ஒடிந்தது என்று சொல்லியிருக்கலாம்."

"சொன்னாயா?"

"இல்லை. மூத்த ஃபிட்டரை எழுப்பி உள்ளதைச் சொன்னேன்."

அந்தப் பெரியவர் திட்டவில்லையாம். விரலால் கீறலைத் தடவிப் பார்த்தார். வெல்டிங்கால் நிரப்பி மறுபடி வெட்டச் செய்தார். நீல மை பூசி, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று இரு பாதிகளையும் ஒட்டிப் பார்த்து, இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து தேய்த்தார். "யந்திரம் சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. நீ பொய் சொல்லியிருந்தால் கீறலைவிடப் பெரிய நஷ்டம், தம்பி" என்றாராம்.

மறு மாதம் வேலை நிரந்தரமாயிற்று. சேதி சொல்ல வந்தவன், வாசலிலேயே குனிந்து நின்றான்.

"அத்தை, மூன்றாம் வரிசையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதே!"

முப்பது வருஷமாகக் கோலம் போடுகிறவளிடம் சொல்கிற பேச்சா அது? ஆனாலும் போய்ப் பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. பேசாமல் ஒரு சிட்டிகை மாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.