வேலியில்லாத தண்ணீர்

வேலி அரையடி நகர்ந்தால் நீதிமன்றப் படியேறத் தயங்காதவர் யாழ்ப்பாணத்தவர் என்று பிறர் நகைப்பதுண்டு. நகைப்பில் உண்மையும் உண்டு. ஆயின், அந்த வேலியின் கீழே கிடக்கும் தண்ணீருக்காக நாம் எத்தனை முறை வழக்குரைத்திருக்கின்றோம்?

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்து தீர்ந்துவிடும். அம்மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, உப்புநீரின்மேற் பாலாடை போல மிதக்கின்றது. கிணற்றில் நாம் அள்ளுவது இந்த ஆடையையே. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலேறக்கூடும் என்பது நிலநீர் அறிஞர் கணக்கு.

துலா மிதித்த காலத்தில், மனிதனின் கால் சோர்ந்ததும் இறைப்பு நின்றது, ஊற்றும் இளைப்பாறியது. இயந்திரத்துக்குச் சோர்வில்லை. அதற்காகத் துலாவுக்குத் திரும்புக என்று நாம் சொல்லவில்லை. துலா மிதித்தவர் எவரும் அவ்வாறு சொல்லார்.

உப்பையாவது நாக்கு அறியும். வெங்காயத் தோட்டத்துக்கு வாரி வீசும் யூரியாவும், கிணற்றை நெருங்கி வெட்டிய மலகூடக் குழியும் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டுள்ளது. தண்ணீரின் நிறம் மாறாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. புட்டிப்பால் கரைக்க அந்நீரே பயன்படுமாயின், பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம்பாரிக்கக்கூடும். தாய்மார் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டில், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று மக்கள் திரண்டு வீதிக்கு வந்தனர். எண்ணெய் கண்ணுக்குத் தெரிகின்ற பொருள், நைத்திரேற்று அவ்வாறன்று.

நம் முன்னோர் காணி உறுதிகளில் நான்கெல்லையையும் எழுதியபின், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று ஒரு வரி சேர்ப்பர். பங்காளிகள் ஒரே கிணற்றில் முறைவைத்து இறைத்தனர். முறைக்காகச் சண்டையும் பிடித்தனர்தான். எனினும் தண்ணீர் பொதுவென்பது எழுத்தில் இருந்தது. இன்றோ ஆளுக்கொரு குழாய்க்கிணறு, முற்றம் முழுவதும் சீமெந்து. மாரிவெள்ளம் மதகு வழியே கடலுக்குப் போகின்றது.

முற்றத்தின் ஓரத்தில் ஒரு முழ அகலம் மண்ணாக விட்டாலும் கூரைத் தண்ணீர் இறங்க வழியுண்டு. புதுவீடு கட்டுவோர் இதனை மேசனிடம் முதலிலேயே சொல்லிவைக்கலாம். மலகூடக் குழி வெட்டுமுன், அயல்வீட்டுக் கிணறு எங்கேயுள்ளதென்று வேலிக்கு மேலால் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.