லோன் கட்டுவதா... மெயின்டனன்ஸ் கட்டுவதா? விழி பிதுங்கும் கோவை அபார்ட்மெண்ட்வாசிகள்

கோவை:
சொந்த வீடு வாங்கியாச்சு, இனி வாடகைத் தொல்லை இல்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களுக்கு, இப்போது மாசா மாசம் தலைவலியாக வந்து நிற்கிறது மெயின்டனன்ஸ் கட்டணம்.

சரவணம்பட்டி, காளப்பட்டி, கணபதி, துடியலூர், வடவள்ளி என்று கோவையைச் சுற்றி அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. பட்டறை, மில், கம்பெனி என்று வேலை பார்த்து, பேங்க் லோன் போட்டு வீடு வாங்கியவர்கள் ஏராளம்.

உதாரணத்துக்கு 800 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2 ரூபாய் என்றால் மாதம் 1,600 ரூபாய். அதை 3 ரூபாய் ஆக்கினால் 2,400 ரூபாய். வருஷத்துக்கு 9,600 ரூபாய் கூடுதல் செலவு. சம்பளம் அந்த வேகத்தில் ஏறுமா?

பணம் எங்கே போகிறது?

முதல் அடி கரண்ட் பில். லிப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கு முன்பு வீட்டுக் கட்டணமே வாங்கினார்கள். 2022 செப்டம்பர் 10 முதல் இது தனிக் கட்டணம் ஆனது. யூனிட்டுக்கு 8 ரூபாய், அதோடு நிலைக்கட்டணம் வேறு.

எதிர்ப்பு கிளம்பியதால் 2023-ல் அரசு ஒரு சலுகை தந்தது. 10 வீடுகளுக்கு மேல் போகாமல், 3 மாடிக்குள், லிப்ட் இல்லாமல் இருந்தால் யூனிட் 5 ரூபாய் 50 காசு என்று குறைத்தது. லிப்ட் இருந்தால் அந்த சலுகை கிடையாது. 2024 ஜூலையில் கரண்ட் கட்டணம் மறுபடியும் ஏறியது.

அடுத்தது ஆள் சம்பளம். குறைந்தபட்ச கூலிக்கான பஞ்சப்படி வருஷந்தோறும் ஏப்ரலில் மாறும். வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர் சம்பளமும் ஏறத்தான் செய்யும். ஏஜென்சி மூலம் செக்யூரிட்டி வைத்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பில்லில் சேரும்.

கோடையில் சிறுவாணி அணை நீர்மட்டம் இறங்கி, போர்வெல்லும் கைவிட்டால் லாரித் தண்ணீர்தான் கதி. அந்த மாசம் பட்ஜெட் பணால்.

ஜி.எஸ்.டி. பயம் வேண்டாம்

"ஜி.எஸ்.டி. வந்திருச்சு, அதனால ஏத்தியிருக்கோம்" என்று சங்கம் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் போய், சங்கத்தின் வருஷ வசூலும் 20 லட்சத்தை தாண்டினால்தான் மெயின்டனன்சுக்கு வரி. 7,500-க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டுமே வரி என்று 2021-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. அதாவது 8,000 ரூபாய் கட்டினால், 500 ரூபாய்க்கு 90 ரூபாய் வரி. 1,600, 2,400 கட்டுபவர்களுக்கு இந்த வரியே இல்லை.

கட்டாமல் விட்டால்?

"ஏத்தினா நான் கட்ட மாட்டேன்" என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. ஆனால் பாக்கி எங்கேயும் போகாது. வீட்டை விற்கப் போகும்போது, பாக்கி இல்லை என்று சங்கத்திடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள்.

லிப்ட் நின்றால் முதலில் தவிப்பது வயசானவங்கதான். ஒழுகும் மொட்டை மாடியை கவனிக்காமல் விட்டால், கம்பி துருப்பிடித்து காங்கிரீட் பெயரும். இன்று ஆயிரத்தில் முடியும் வேலை, நாளைக்கு லட்சத்தில் வந்து நிற்கும்.

கட்டிடம் பலம் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிங்காநல்லூர் ஹவுசிங் யூனிட்டே சாட்சி. 960 வீடுகள் பழுதாகி, ஆசையாக வாங்கிய வீட்டை விட்டு மக்கள் வெளியேற வேண்டி வந்தது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, கடந்த 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வீட்டுக்காரர்கள் சங்கம் அமைத்து பதிவு செய்வதை இது கட்டாயமாக்கியிருக்கிறது.

எனவே கட்டணத்தை ஏற்றும் முன் பொதுக்குழு கூட்டச் சொல்லுங்கள். கரண்ட் பில், சம்பளப் பட்டியல், லிப்ட் ஒப்பந்தம் மூன்றையும் நேரில் பாருங்கள். பில்டர் வாங்கிய வைப்பு நிதி எந்த பேங்கில், யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேட்டால் சண்டைக்காரன் என்று பெயர் வந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். கட்டுவது உங்கள் கடமை என்றால், கணக்கு கேட்பது உங்கள் உரிமை!